சந்தனம் குடித்த பட்டன்

பெண் கேட்டுப் போகிறவர்கள் தட்டில் பழமும் பூவும் வைத்துக்கொண்டு போவார்கள். நான் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியைத் துண்டில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போனேன். புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து குவீன்ஸ்டவுன் வரைக்கும், பாதி சிங்கப்பூரைத் தாண்டி, பஸ்ஸில் அது என் மடியிலேயே இருந்தது. பக்கத்து சீட்டுச் சீன அம்மா ஆசையாக எட்டிப் பார்த்தார். உள்ளே கைக்குழந்தை இல்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு ஐம்பது வயதாகிவிட்டது. தலைமேல் இருந்ததெல்லாம் கொட்டிவிட்டது. தலைக்குள் ஆரம்பத்திலிருந்தே பெரிதாக ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் என்னை வேண்டாம் என்றதா, நான் அதை வேண்டாம் என்றேனா என்பதில் எங்கள் இருவருக்கும் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. வேன் ஓட்டுகிறேன். சிராங்கூன் ரோட்டுக் கடைகளுக்குத் துணி மூட்டை இறக்குவது வேலை. இப்படிப்பட்டவனைக் கட்டிக்கொள்ளலாமா என்று ஒருத்தி யோசித்துக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம், அவள் அண்ணன் முன்னிலையில், பதிலைச் சொல்லிவிடுவதாக இருந்தாள்.

அவள் ஒரு சின்னக் கடையில் ரவிக்கை தைப்பவள். என்னைவிடக் கொஞ்சம் இளையவள், கத்தோலிக்கப் பெண். படுத்த படுக்கையாக இருந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டே கல்யாணத்தைத் தள்ளிப் போட்டவள். போன வருஷம் அம்மா இறந்துபோனார். அதன் பிறகு மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதுகூட, வீட்டில் யாரோ கூப்பிடுவதுபோல் அடிக்கடி தலையைத் தூக்குவாள்.

நான் அவளுக்கு அறிமுகமானதே என் அடங்காத வாயால்தான். தோளில் மூட்டை ஏறினால் எனக்கு ஒரு மெட்டு தானாக வந்துவிடும். டிடிட்டீ டிடிட்டீ என்று பாடிக்கொண்டே ஒருநாள் கடைக்குள் நுழைந்தேன். அவள் மெஷினை நிறுத்தினாள்.

"ஹலோ, அந்தப் பாட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாட்டா? இது கேம் சத்தம்ங்க. வீட்டுல பழைய பெட்டி ஒண்ணு இருக்கு."

"அது கார்ட்டூன் பாட்டு. அதுக்கு வார்த்தை எல்லாம் இருக்கு."

சொல்லிவிட்டு, நூலும் கத்தரியுமாக உட்கார்ந்தபடியே இரண்டு வரி பாடினாள். ஜப்பானிய மொழி. அர்த்தம் அவளுக்கும் தெரியாது; சின்ன வயதில் டிவியைப் பார்த்து வாய்க்குள் போட்டுக்கொண்டது. நான் மூட்டையை இறக்கவும் மறந்து நின்றேன். இத்தனை வருஷம் டிட்டீ டிட்டீ என்று பூச்சி மாதிரி கத்திக்கொண்டிருந்த ஒன்றுக்கு, அன்றைக்குத்தான் ஒரு குரல் இருந்தது தெரிந்தது.

அந்தக் கார்ட்டூனில் ஊர்களெல்லாம் வானத்தில் மிதக்கும். தலையில் சிவப்புத் துணி கட்டிய ஒரு பெண், கையில் வாளோடு, சிறகு முளைத்த மீன்மேல் ஏறி ஒவ்வோர் ஊராகப் போவாள். வழியில் கல் மனிதர்கள், பேசும் விளக்குகள், தலைகீழாகப் பெய்யும் மழை. கடைசியில் ஒரு பெரிய வெள்ளைப் பறவை வந்து வழியை மறிக்கும். அதோடு அவள் பார்த்தது முடிந்துவிட்டது. கடைசிப் பகுதி வந்த சாயங்காலம் கோயிலில் ஞானோபதேச வகுப்பு. அம்மா இழுத்துக்கொண்டு போய்விட்டாராம். இப்போது போனில் தேடினால் கிடைத்திருக்கும். அவள் தேடவில்லை. "சும்மா இருக்கட்டும்னு விட்டுட்டேன்," என்றாள்.

அந்தக் கார்ட்டூனை வைத்துச் செய்த கேம்தான் என்னிடம் இருந்தது. இளவட்டமாக இருந்தபோது, மூடப்போகிற ஒரு கடையில் வாங்கிய கேசட். எழுத்தெல்லாம் ஜப்பானிய எழுத்து. அதனால்தான் எனக்குப் பிடித்தது. ஆங்கிலமாக இருந்தால் எனக்கு மட்டும்தான் புரியாது. ஜப்பானிய மொழி என்றால் மொத்த அடுக்குமாடி பிளாக்குக்கும் புரியாது. படித்தவர்களோடு நான் சமமாக நின்ற ஒரே இடம் அது.

கதை புரியாவிட்டால் என்ன? நானே ஒன்று வைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணின் ஆடு காணாமல் போய்விட்டது. அதைத் தேடித்தான் அவள் ஊர் ஊராகப் போகிறாள். ஆட்டைத் தின்றது அந்த வெள்ளைப் பறவை. ஆகவே பறவையை வெட்டுவது நியாயம். வெட்டியதும் திரை கறுத்து, அவள் கரையில் தனியாக உட்கார்ந்திருப்பாள். மெட்டு மெதுவாகக் கேட்கும். கீழிருந்து எழுத்துகள் ஏறும். எனக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள் என்று நானும் மரியாதையாகத் தலையாட்டுவேன்.

இதை ஒருநாள் காப்பிக் கடையில் அவளிடம் பெருமையாகச் சொன்னேன். நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே கீழே வைத்தாள்.

"கொன்னுட்டீங்களா?"

"பின்ன, மடியில வச்சுக் கொஞ்சவா முடியும்?"

"அது அவ அம்மா."

"எது?"

"அந்தப் பறவைதான் லா! சாபத்துல பறவையா ஆனவங்க. பாக்கிறவங்களுக்கு முதல்லேயே காட்டிருவாங்க, அவளுக்குத்தான் தெரியாது. அம்மாவத் தேடித்தான் அவ அவ்ளோ தூரம் போறா."

"அப்ப ஆடு?"

"எந்த ஆடு?"

நான் தே தாரிக்கைக் குடித்தேன். சூடு நாக்கைச் சுட்டது. அதுவும் வேண்டியதுதான் என்று இன்னொரு வாய் குடித்தேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"வெட்டாம விட்டா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"அது நம்மள வெட்டிரும். வேற வழியே இல்ல. எல்லாம் பாத்தாச்சு."

கிளாஸை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு சொன்னாள்: "அந்தப் பெட்டியக் கொண்டுட்டு வாங்க. எனக்குப் பாக்கணும். அண்ணனும் இருப்பாரு. நம்ம விஷயத்தையும் அன்னிக்கே சொல்லிடறேன்."

ஒரு மனிதனின் கல்யாணம் ஒரு பறவையின் கழுத்தில் வந்து நின்றது.

போவதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. வேன் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, சாவிக்குப் பொட்டு வைத்தேன். சோறு போடுகிற வேனுக்கு மரியாதை செய்தாயிற்று. பெண் வாங்கித் தரப்போகிற பெட்டிக்கு வேண்டாமா? அதையும் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தேன். பெட்டிக்கு ஒரு பொட்டு வைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிறவனாக இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்? பன்னீரில் சந்தனத்தை நீர்க்கக் குழைத்து, கையில் பிடிக்கிற கன்ட்ரோலரின் பட்டன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். பூஜையில் வைத்ததை அன்று தொடக் கூடாது என்பதால் பட்டனை அழுத்திப் பார்க்கவும் இல்லை. மறுநாள் காலை மேலாகத் துடைத்துத் துண்டில் சுற்றினேன்.

அண்ணன்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கோயில் பாடற்குழுவில் கட்டைக் குரல். கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"வாங்க பிரதர். இது என்ன, ரைஸ் குக்கரா?"

"கேம் பெட்டிண்ணே."

"ஓ. ஆளுக்கு ஏத்த சாமான்தான். என்ன படிச்சிருக்கீங்க?"

"பேப்பர்ல படம் மட்டும் பாப்பேன்."

"வீடு?"

"புக்கிட் பாஞ்சாங். தனியாத்தான் இருக்கேன். யாரும் கூட இருக்க ஒத்துக்கல."

அவர் சிரிப்பை அடக்க முகத்தை இறுக்கிக்கொண்டது தெரிந்தது. அவள் அடுப்படியிலிருந்து காப்பியும் சுடச்சுட உருளைக்கிழங்குக் கறிபாப்பும் கொண்டுவந்தாள். அம்மாவின் படத்தின் கீழே பெரிய வயிறு வைத்த பழைய டிவி. அம்மா நாடகம் பார்த்த டிவி என்று அதை இன்னும் தூக்கிப் போடவில்லை. என் பெட்டிக்கு ஏற்ற டிவி அதுதான். வயரைச் செருகி, கேசட்டை ஒரு ஊது ஊதிப் போட்டேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. எதிர் பிளாக்கில் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காயப்போட்ட துணிகளை மூங்கில் கழியோடு உள்ளே இழுத்தார்கள்.

பறவை வருகிற இடத்துக்கு முன்னாலேயே ஆட்டத்தைச் சேமித்து வைத்திருந்தேன். என் திட்டம் எளிது. பறவையோடு வீரமாகச் சண்டை போட வேண்டும். வேறு வழியில்லை என்பதை அவள் கண்ணாலேயே பார்க்க வேண்டும். அண்ணன் என் விரல் வேகத்தைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும்.

திரையில் ஊதா வானம் விரிந்தது. சிவப்புத் துணிக்காரி ஒரு பாறை விளிம்பில் நின்றாள். மேகம் கிழிந்து பறவை இறங்கியது. நான் வாள் பட்டனை அழுத்தினேன்.

வாள் வரவில்லை.

மறுபடி அழுத்தினேன். பட்டன் சுவரை அழுத்துவதுபோல் இருந்தது. விளிம்பைச் சுற்றி மஞ்சள் கோடு. முந்தின நாள் வைத்த சந்தனம் உள்ளே இறங்கி, சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. குதிக்கிற பட்டனும் அம்புக்குறியும் மட்டும் எப்படியோ பிழைத்திருந்தன. பறவை பாய்ந்தது, குதித்தேன். திரும்பிப் பாய்ந்தது, குதித்தேன். வாள்காரி தவளை மாதிரி தாவிக்கொண்டிருந்தாள்.

"என்ன பிரதர், கத்திய வீட்டுலேயே வச்சிட்டு வந்துட்டாளா?" என்றார் அண்ணன்.

"சந்தனம் உள்ள போயிருச்சுண்ணே. நேத்து பூஜையில..."

"கேமுக்குப் பூஜையா!" அவர் அம்மாவின் படத்தைப் பார்த்து, "அம்மா, பாத்துக்க. உன் மகளுக்கு வந்த மாப்பிள்ளை," என்றார்.

அவள் என் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தாள். கண் திரையைவிட்டு நகரவில்லை.

"குதிக்காதீங்க," என்றாள்.

"நின்னா செத்துருவேன்."

"நீங்க எங்க சாகப் போறீங்க? சும்மா நில்லுங்க."

"நான் எல்லாம் பாத்தாச்சுன்னு சொன்னேனே."

"வெட்டித்தானே பாத்தீங்க? வெட்டாம ஒரு வாட்டியாவது நின்னீங்களா?"

நிற்கவில்லை. அப்படி ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கையில் வாளைக் கொடுத்தால் வீசுவதற்குத்தான் என்று நினைக்கிற ஜாதி நான். பட்டனிலிருந்து கட்டைவிரலை எடுத்தேன். விரல் தானாகக் குதிக்கப் பார்த்தது. அவள் தன் கையை அதன்மேல் வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் பார்க்கிறாரே என்று எனக்கு வேர்த்தது. அவளுக்கு அந்த நினைப்பே இல்லை.

பறவை நேராக வந்தது. திரை முழுக்க வெள்ளை. இறக்கை அந்தச் சின்னப் பெண்மேல் மோதப்போகிற இடத்தில் நின்றது. சத்தமெல்லாம் அடங்கியது. பறவை பாறையில் இறங்கி, கழுத்தைத் தாழ்த்தி, முதுகைக் காட்டியது.

அண்ணன் சோபாவிலிருந்து இறங்கி எங்களுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏறு," என்றாள் அவள், திரையிலிருந்த பெண்ணிடம்.

நான் கன்ட்ரோலரை அவளிடமே கொடுத்தேன். அவள் அம்புக்குறியை மெல்ல அழுத்தினாள். வாள்காரி பறவையின் முதுகில் ஏறினாள். பறவை எழும்பியது.

இத்தனை வருஷம் என்னிடமே இருந்த கேசட்டுக்குள் நான் பார்க்காத ஒரு வானம் இருந்தது. கீழே மிதக்கிற ஊர்களெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. கல் மனிதர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். விளக்குகள் ஆற்றில் விட்டதுபோல் கூடவே மிதந்து வந்தன. எதிரிகள் யாரும் வரவில்லை. அடிக்க ஒன்றும் இல்லை, எடுக்க ஒன்றும் இல்லை. இடது பக்கம் அழுத்தினால் பறவை இடது பக்கம் சாயும், அவ்வளவுதான். மெட்டு வந்தது. எனக்குத் தெரிந்த இடம் முடிந்ததும் நிற்கவில்லை. தெரியாத இடத்துக்குள் போய்க்கொண்டே இருந்தது. அவள் தெரிந்த வரிகளைப் பாடினாள். வரிகள் தீர்ந்ததும் வெறும் ம்ம் என்று முனகினாள். பின்னாலிருந்து அண்ணனின் கட்டைக் குரலும் அதில் வந்து சேர்ந்தது. அவருக்கு அந்தப் பாட்டே தெரியாது.

மழையில் ஜன்னல் வெளுத்து, எதிர் பிளாக் காணாமல் போயிருந்தது. நாங்கள் இருந்த மாடியும் எங்கோ மிதந்துகொண்டிருப்பதுபோல் எனக்குப் பட்டது. அவள் கன்னத்தில் டிவி வெளிச்சம் நீலமாக ஓடியது. அழுகிறாளா என்று பார்த்தேன். அழுதாள்தான்; ஆனால் கைமட்டும் கவனமாகப் பறவையை ஓட்டிக்கொண்டிருந்தது. அம்மாவைப் படுக்கையில் புரட்டிப் படுக்க வைத்த கை அல்லவா, அவசரமே இல்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"புக்கிட் பாஞ்சாங் வீடு எத்தனாவது மாடி?"

"ரொம்ப மேலங்க. லிஃப்ட் ரிப்பேர்னா பாதியிலேயே உட்கார்ந்து டீ குடிச்சிட்டுப் போகணும்."

"காத்து வருமா?"

"வரும். போன மாசம் என் சட்டைய ஒண்ணத் தூக்கிட்டுப் போயிருச்சு."

"சரி," என்றாள்.

லிஃப்டைப் பற்றித்தான் கேட்கிறாளாக்கும் என்று நினைத்து, "அடிக்கடியெல்லாம் ரிப்பேர் ஆகாதுங்க, டவுன் கவுன்சில்ல சொல்லி..." என்று விளக்க ஆரம்பித்தேன். பின்னாலிருந்து முதுகில் ஓங்கி ஓர் அடி விழுந்தது.

"யோவ் மாப்ள! அவ சரின்னு சொல்லிட்டாய்யா. வாய மூடிட்டுப் படத்தப் பாரு."

வாயை மூடினேன். கறிபாப் ஆறிக்கொண்டிருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவள் பறவையை வலது பக்கம் சாய்த்தாள். தூரத்தில், மேகத்துக்கு அந்தப் பக்கம், இன்னும் ஓர் ஊர் தெரிய ஆரம்பித்தது.