கன்னியாகுமரியைச் சுற்றாத சங்கரா

ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு மீன் பற்றி எழுதலாமா? எழுதாமல் முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கண்ணெதிரே நடந்ததை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

திருச்சி பாலக்கரையில் என் தோழி பரீதா வீட்டில் விருந்து. பரீதா கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை. கணவர் ஷார்ஜாவில். வேலை, பிள்ளைகள், கூடவே பி.எச்டி. மறுநாள் ஆய்வறிக்கையைச் சமர்ப்பிக்க வேண்டும். அதைக் கொண்டாடத்தான் எனக்கு அழைப்பு.

அவள் ஆராய்வது சங்கரா மீன்களின் சொந்தபந்தத்தை! கொல்லத்துச் சங்கராவும் நாகப்பட்டினத்துச் சங்கராவும் ஒரே கூட்டமா, இல்லை கலக்காத தனித்தனிக் கூட்டங்களா? துடுப்பில் ஒரு துணுக்கு வெட்டி மரபணுவைப் படித்தால் தெரிந்துவிடுமாம்.

லேப்டாப்பில் படம் காட்டினாள். மீனுக்கு ஒரு கோடு. கொல்லம் மொத்தமும் நீலம். நாகப்பட்டினம் சிவப்பு... ஆனால் நடுவே நிறைய நீலக் கோடுகள்.

“பாத்தீங்களாக்கா? இதெல்லாம் கன்னியாகுமரியச் சுத்திக்கிட்டு இங்க வந்த மீனு. ரெண்டு கடலுக்கும் போக்குவரத்து இருக்கு. இதான் என் தீசிஸே!”

முகம் அப்படி மின்னியது.

பரீதாவின் அம்மா மீன் குழம்பு ஊற்றினார். “தடைக்காலம் பாருங்க, நம்ம பக்கத்து மீனே கெடைக்கல. இது கேரளா மீனுதான். தப்பா எடுத்துக்காதீங்கம்மா.”

கோடையில் மீன்கள் இனப்பெருக்கம் செய்யட்டும் என்று கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளை நிறுத்திவிடுவார்கள். கேரளத்தில் தடை அதற்கப்புறம்தான்.

“ஆமா, நீ நாகப்பட்டினத்துல மீன் வாங்குனது எப்ப?” சும்மாதான் கேட்டேன். சத்தியமாக.

“போன வருஷம் பொங்கல் லீவுல போய் படகுலேர்ந்தே வாங்குனேன். அப்புறம் மே மாசம் அங்க மார்க்கெட்ல...”

அப்படியே நின்றுவிட்டாள். பிசைந்த சோறு கையிலேயே இருந்தது.

கை கழுவிவிட்டு வந்து அந்த மார்க்கெட் வியாபாரிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் கலகலப்பான குரல்.

“தடைக்காலத்துல நம்ம சங்கரா ஏதும்மா? எல்லாம் கொல்லம் லோடு. லாரில வரும்.”

“நீங்க அன்னைக்குச் சொல்லவே இல்லையே?”

“நீங்க கேக்கலையேம்மா!”

பரீதா மே மாத மீன்களை மட்டும் நீக்கிவிட்டு, கணக்கை மறுபடி ஓட்டினாள். லேப்டாப் வெகுநேரம் யோசித்தது.

படம் வந்தது. நாகப்பட்டினம் முழுக்கச் சிவப்பு. ஒரு நீலக் கோடுகூட இல்லை.

இத்தனை வருட உழைப்பு... சாப்பாட்டு மேஜையிலேயே முடிந்துவிட்டதே!

“வேற யாருக்கும் தெரியாதுல்லம்மா?” அம்மா மெதுவாகக் கேட்டார்.

“எனக்குத் தெரிஞ்சுபோச்சேம்மா.”

வழிகாட்டிப் பேராசிரியருக்கு அப்போதே பேசினாள். “நாளைக்கு நான் சப்மிட் பண்ணல சார். அது மீன் வந்த வழி இல்ல. லாரி வந்த வழி.”

அவர் நடந்ததை முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, “இன்னும் ஒரு வருஷம் ஆகும். தாங்குவியாம்மா?” என்றார்.

“தாங்கித்தான் ஆகணும் சார்.” போனை வைத்த பிறகுதான் அழுதாள்.

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். அந்த ஆய்வறிக்கை அப்படியே போயிருந்தால்? ‘இங்கே வாரி எடுத்தால் என்ன, அங்கேயிருந்து வந்து நிரம்பிவிடும்’ என்று ஒருவர் நம்பினாலும் போதுமே! நமக்குக் கடல் ஒன்றுதான். ஆனால் மீனுக்கும் ஊர் இருக்கிறது போலும். ஓர் ஊர் காலியானால் பக்கத்து ஊர்க்காரர் வந்து குடியேறிவிடுவாரா என்ன?

அடித்துச் சொல்ல, பொங்கலுக்கு எடுத்த மீன்கள் மட்டும் போதாதாம். தடை நீங்கியதும் பரீதாவே படகில் போய், வலையிலிருந்து நேராக எடுக்கப் போகிறாள்.

காவிரிப் பாலத்தில் பஸ் கொஞ்சம் குலுங்கினாலே கண்ணை மூடிக்கொள்கிறவள்!