நிழலைப் பார்த்து இறக்கியவர்

ஓணான் என்ற பெயர் முதன்முதலில் பெண் வீட்டார் காதில் விழுந்தது, அவருக்குப் பெண் பேசி முடித்த வாரம். "மாப்பிள்ளை கிரேன் ஓட்டுறார், கை நிறைய சம்பளம்" என்று பெண்ணின் பெரியம்மா சொல்லி வாய் மூடவில்லை. "கூட வேலை செய்யறவங்க ஓணான்னுதான் கூப்பிடுறாங்களாம். மேல உக்காந்து எந்நேரமும் தலையை ஆட்டுவாராம்" என்று சித்தப்பா சிரித்தார். அதற்கப்புறம் சொந்தபந்தத்துக்கும் அவர் ஓணான்தான்.

ஏன் ஆட்டுகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பதினேழு வயதில் பட்டறையில் தெறித்த இரும்புத்தூள் அவருடைய இடது கண்ணைக் கெடுத்திருந்தது. பார்க்க நல்ல கண், பார்வைதான் இல்லை. வேலைக்குச் சேர்ந்தபோது கண் சோதனையில் அந்தக் கண்ணையே முதலில் இடது கையாலும், பிறகு வலது கையாலும் பொத்திக்கொண்டு எழுத்துகளைக் கடகடவென்று படித்துவிட்டார். சோதித்தவருக்கு டீ ஆறுகிற கவலை.

இரண்டு கண்ணும் உள்ளவனுக்குத் தூரம் தானாகவே தெரியும். ஒற்றைக் கண்ணுக்கு எல்லாமே சுவரில் ஒட்டின படம்தான். தலையை அசைத்தால் கிட்டத்தில் இருப்பது வேகமாக நகரும், தள்ளி இருப்பது மெல்ல நகரும். அதை வைத்து ஒரு மாதிரி சமாளித்தார். அதைவிடப் பெரிய துணை நிழல். தொங்குகிற இரும்பும் தரையில் கிடக்கிற அதன் நிழலும் நெருங்க நெருங்க வேகத்தைக் குறைப்பார். பதினொரு வருஷம் ஒரு கீறல் விழாமல் இறக்கினார்.

கீழே நின்று கைகாட்டுகிறவன் மனைவியின் தம்பி. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டான்.

"மச்சான், மேகம் போட்டா மட்டும் ஏன் இவ்வளவு தயங்குறீங்க? கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

"அப்பதான்டா உன் மூஞ்சி தெளிவாத் தெரியுது. அதான் கை நடுங்குது."

அவனும் சிரித்தான். ஓணான் அன்றைக்கே உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அடுத்த மாதம் ஒரு நடுப்பகலில், இரும்பு உத்தரம் இறங்கிக்கொண்டிருக்கும்போது வெயில் பொசுக்கென்று மங்கியது. நிழல் போயிற்று. 'மெதுவாக' என்று கைகாட்டிவிட்டு, மச்சினன் உத்தரம் உட்கார வேண்டிய அடிக்கட்டையைச் சரியாக வைக்கக் குனிந்தான். மேலே இருந்தவருக்கு உத்தரம் ஆள் உயரத்தில் தொங்குவதாகப் பட்டது. இருந்ததோ முழங்கால் உயரத்தில். இடம் இருக்கிறதென்று இறக்கினார். அவனுடைய வலது கையில் மூன்று விரல் போயிற்று.

விசாரணையில் அவன், "நான்தான் கவனமில்லாம கையை உள்ள வெச்சேன். அவர் மேல தப்பில்ல" என்றான். ஓணான் ஊமைக்கோட்டான் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவனுக்கு வேலை போயிற்று.

நாலு வருஷம் கழித்துத்தான் அவன் வீட்டுக்குப் போய்க் கண் விஷயத்தைச் சொன்னார். அவன் இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"தெரியும் மச்சான்."

"எப்படிடா?"

"ஆஸ்பத்திரில தம்ளரை நீட்டினேன். நீங்க ரெண்டு தடவை வெறுங்காத்தைப் பிடிச்சீங்க."

"அப்புறம் ஏன்டா பழியை நீ ஏத்துக்கிட்ட?"

"அக்கா வீட்டு அடுப்பு எரியணும்ல. கண்ணைப் பத்தி நீங்களே சொல்லுவீங்கன்னு நாலு வருஷம் பாத்தேன்."

மறுநாள் ஓணான் எல்லாவற்றையும் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிரேனை விட்டு இறங்கினார். மச்சினனுக்குப் போன வேலை திரும்பவில்லை.

இப்போது அவர் மகள் வீட்டு மாடியறையில் இருக்கிறார். மச்சினன் வீடு நாலு தெரு தள்ளி. அவன் வருவதில்லை.