கடலுக்குப் போகவிருந்த பிரிட்டிஷ் டாலர்

போன வருஷம், தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நடந்தது. நான் வேலை பார்க்கும் ஹோட்டல், மலாக்காவில் தஞ்சோங் கிளிங் கடற்கரையை ஒட்டியே இருக்கிறது. காலை ஷிப்ட் முடிந்து, பஸ் வரும்வரை காற்று வாங்கலாம் என்று மணலில் நடந்துகொண்டிருந்தேன்.

எனக்குப் பழைய பிரிட்டிஷ் நாணயம் என்றால் உயிர். விக்டோரியா ராணி தலை போட்ட ஒரு பென்னியைக் கண்டால் சாப்பாடே மறந்துபோகும். என் கணவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'செல்லாக்காசு மகாராணி'. அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் புழங்கிய பிரிட்டிஷ் டாலர் என்ற பெரிய வெள்ளிக்காசு மட்டும் எனக்குச் சிக்கவே இல்லை. மலாக்கா டவுன் கடைகளில் காட்டியதெல்லாம் போலி.

அன்று எனக்கு நாலைந்து அடி தள்ளி ஓர் அக்கா முழங்கால் தண்ணீரில் நின்று, பழைய சாமி படங்களைக் கடலில் விட்டுக்கொண்டிருந்தார். நம்மவர்கள் செய்வதுதான். பழுதான சாமி படத்தையும் சிலையையும் வீட்டில் வைக்கமாட்டோம், குப்பையிலும் போடமாட்டோம். கடைசியாக மஞ்சள் துணியிலிருந்து ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். வெயிலில் பளிச்சென்று மின்னியது. வட்டமான வெள்ளி. அதில் நிற்கும் ஒரு பெண், கையில் சூலம்!

"அக்கா, போடாதீங்க!" என்று கத்திக்கொண்டே ஷூவோடு தண்ணீருக்குள் ஓடினேன். பாவம், அவர் மிரண்டே போனார்.

"இது பிரிட்டிஷ் டாலர் அக்கா!"

"காசுன்னு தெரியும் லா. மஸ்ஜித் தானா ஊர் பக்கம் ரப்பர் எஸ்டேட்ல இருந்தப்பவே எங்க பாட்டன் பூஜையில வெச்சது. சூலம் புடிச்சிக்கிட்டு நிக்கிறாளே, எங்களுக்கு அம்மன்தான்."

எனக்குச் சிலிர்த்துப்போனது. அந்தப் பெண் பிரிட்டானியா, இங்கிலாந்தைக் குறிக்கும் உருவம் என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அதைச் சொல்ல மனம் வரவில்லை.

"அப்புறம் ஏன் கடல்ல விடுறீங்க?"

அவர் கண் கலங்கியது. தீபாவளிக்காகப் பூஜை சாமான் விளக்கும்போது, பல வருஷமாக அப்பியிருந்த குங்குமத்தைத் திருநீறு போட்டுத் தேய்த்தாராம். அம்மன் மார்பில் ஒரு வெட்டு தெரிந்ததாம்.

"நான்தான் அழுத்தித் தேய்ச்சு ஊனமாக்கிட்டேன் தங்கச்சி. ராத்திரி தூக்கமே இல்ல. ஒனக்கு ஆசைன்னா எடுத்துக்கோ, கடலுக்குப் போறதுதானே."

காசு என் உள்ளங்கையில்! திருப்பினேன். சீன எழுத்து, மலாய்க்கான ஜாவி எழுத்து, விளிம்பு, கனம், எல்லாமே அசல். அந்த வெட்டையும் உற்றுப் பார்த்தேன். சந்தோஷத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அக்கா, இது நீங்க செஞ்சதே இல்ல! அந்தக் காலத்துல சீனக் கடைக்காரங்க, நல்ல வெள்ளியான்னு சோதிச்சுப் பார்த்து அடிச்ச முத்திரை. உங்க பாட்டன் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே இருந்திருக்கும்!"

"அப்போ நான் ஒடைக்கலையா?"

"இல்லவே இல்லக்கா."

அழுதுகொண்டே சிரித்தார். இரண்டு கையாலும் காசை என்னிடமிருந்து வாங்கி, "வாம்மா, வீட்டுக்குப் போலாம்" என்று அம்மனிடம் சொல்லி, துணியில் சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று கரையேறிவிட்டார். கையில் கிடைத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்பது அதன்பிறகுதான் எனக்கு உறைத்தது.

நனைந்த ஷூவோடு வீட்டுக்குப் போய்ச் சொன்னதும், கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம் லா!"

இருந்திருக்கலாம்தான். வயிறு எரியவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனாலும், இந்தக் காசுப் பைத்தியத்தால் உனக்கு என்ன லாபம் என்று யார் கேட்டாலும், அன்று ராத்திரி ஓர் அக்கா நிம்மதியாகத் தூங்கியிருப்பார் என்றுதான் இன்றும் பதில் சொல்கிறேன்.