பாதியில் தொடங்கிய படம்

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் யுத்தத்தால் மின்சாரம் இல்லாத ஆண்டுகள். லண்டனில் நடந்த உறவுக்காரப் பெண்ணின் கல்யாண வீடியோவைப் பார்க்க, ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டில் கூடினோம். ஜெனரேற்றருக்காக ஆளுக்கொரு போத்தல் மண்ணெண்ணெய் கொண்டுபோயிருந்தோம். தாலி கட்டி, கேக் வெட்டிக் கல்யாணம் முடிந்தது. ஆனால் கசெற் முடியவில்லை. பழைய கசெற்றின்மேல் பதிந்திருக்கிறார்கள். முதலில் இருந்த ஏதோ வெளிநாட்டுப் படம் பாதியிலிருந்து ஓடத் தொடங்கியது.

"மண்ணெண்ணெய் கிடக்குத்தானே, ஓடட்டும்" என்றார் வீட்டுக்காரர். கீழே ஆங்கில எழுத்து வந்தது. நான் ஆங்கிலம் படிப்பிக்கிற வாத்தியார் என்பதால், சத்தமாகத் தமிழில் சொல்லச் சொன்னார்கள்.

ஆற்றைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போக அனுமதி கேட்டு வரிசையில் இருந்த நோயாளி செத்துப்போகிறார். இடம் பறிபோய்விடும் என்று வீட்டார் பிணத்துக்குத் தொப்பி போட்டு, அவர் இருந்த கதிரையோடு இழுத்துக்கொண்டு நகர்கிறார்கள். அதிகாரி வந்து பார்க்கிறார்.

"பொறுமையை இவரிட்டைப் படியுங்கோ எண்டு மற்ற ஆக்களுக்குச் சொல்லுறார்" என்றேன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாணுக்கும் சவர்க்காரத்துக்கும் வரிசையில் கால்கடுக்க நின்றவர்களுக்கு விளக்கம் எதற்கு? அவ்வளவு கெட்டிக்காரப் படத்தை நான் பிறகும் பார்த்ததில்லை. பெயர்கூட இன்றுவரை தெரியாது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை.

அதற்கு நாலு மாதம் முன் என் அண்ணை, கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போகப் பயண அனுமதிப் பாஸ் கேட்டுக் காத்திருந்தே செத்துப்போனார். எட்டாம் நாள், அவருக்குப் படைக்கிற எட்டுச் செலவுச் சமையல் நடக்கும்போது பாஸ் என் கைக்கு வந்தது. அண்ணி தாங்கமாட்டார் என்று அதை அகராதிக்குள் ஒளித்துவிட்டேன். அவர் இப்போது எனக்கு முன்னால் பாயில் இருந்தார்.

படத்தில் அதிகாரி முத்திரை குத்தி, அனுமதியைப் பிணத்தின் சட்டைப் பைக்குள் வைத்தார். கீழே எழுத்து வந்து போனது.

"என்ன எழுதிக் கிடக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"போகலாமாம்."

அண்ணி திரும்பி என் முகத்தைப் பார்த்தார். "தம்பி, அவருக்கும் வந்ததோ?"

"ஓம்."

"எப்ப?"

"எட்டுச் செலவு அண்டைக்கு."

அவர் திரும்பிப் படத்தைப் பார்த்தார். "மிச்சத்தைச் சொல்லுங்கோ" என்றார். முடியும்வரை சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் பாஸை எடுத்துக் கொடுத்தேன். முற்றத்து வெளிச்சத்தில் பிடித்து மெல்ல வாசித்தார்.

"திரும்பி வாற திகதியும் போட்டிருக்கினம், தம்பி" என்றார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அண்ணை செத்த பிறகு, அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.