நார்வே நடிகருக்காக வருத்தப்பட்ட துரியோதனன்

இன்று தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரும் பஸ்ஸில், நார்வே மேடை நடிகர் ஒருவரைப் பற்றிப் போனில் படித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து சீட்டுக்காரர், அறுபது வயதிருக்கும், போட்டோவை எட்டிப் பார்த்தார்.

“யாருங்க இவுரு?”

“நார்வேல பெரிய நாடக நடிகருங்க. அறுபது வருசமா மேடையில நடிக்கிறாரு.”

அவர் முகம் மலர்ந்தது. “நானும் கூத்து ஆடறவன்தாங்க. அவுரு இன்னா வேஷம் கட்டுவாரு?”

“ஒண்ணு ரெண்டு இல்லைங்க, நூத்துக்கும் மேல. ராஜா, பிச்சைக்காரன், டாக்டர்...” ஏதோ என் சித்தப்பாவின் பெருமையைச் சொல்வதுபோல அடுக்கினேன்.

மலர்ந்த முகம் சுருங்கிவிட்டது.

“அடப் பாவமே! அறுவது வருசத்துல ஒரு வேஷம்கூட அவுருக்குன்னு நிக்கலையா? மாத்தி மாத்திக் குடுத்துக்கினே இருந்திருக்காங்க.”

“நீங்க என்ன வேஷங்க?”

“துரியோதனன். இந்தச் சுத்துப்பட்டு பாரதக் கூத்துல முப்பத்தெட்டு வருசமா நான்தான் சாவறேன். வேற ஆளக் கூட்டியாந்தா ஊர்ல ஒத்துக்கமாட்டாங்க.”

இறங்கும்போது போட்டோவை இன்னொரு முறை பார்த்தார். “அப்பவும் மனசு உட்டுடாம ஆடிக்கினு இருக்காரு பாருங்க.”

பத்து வருடத்தில் ஆறு வேலை மாறியவன் நான். அதை அவரிடம் சொல்லவில்லை. நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?