பாடுகிறவர் நின்ற இடம்

போன வாரம் என் மகள் ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்தாள். சொம்பு அளவுதான் இருக்கும். அதைச் சமையல் மேடையில் வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பாடு என்றாள். உடனே பாடியது. காக்களூரில் குழாய் ரிப்பேருக்கு ஆள் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டவன் நான். சொன்ன சொல்லுக்கு இவ்வளவு மரியாதையை எங்கள் வீட்டில் அன்றுதான் பார்த்தேன்.

“எப்படிப்பா இருக்கு?” என்றாள்.

“நல்லாத்தான் இருக்கு. பாடுறவங்க எங்க நிக்கிறாங்க?” என்று கேட்டேன்.

அப்பாவுக்கு வயசாகிவிட்டது என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு அட்டைப்பெட்டியை மடிக்கப் போய்விட்டாள். அந்தப் பெட்டிக்குள்ளிருந்து தெர்மாகோலும் புது ஒயரும் கலந்த வாசனை வந்தது. அதுதான் என்னை இழுத்துக்கொண்டு போய், கவரப்பேட்டைக்கு உள்ளே, செங்கல்வராயன் அண்ணன் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்தது.

கும்மிடிப்பூண்டியில் இரும்பைக் காய்ச்சி அடிக்கிற ஒரு ஃபோர்ஜ் கம்பெனியில்தான் எனக்கு முதல் வேலை. நான் இன்ஸ்பெக்‌ஷன், அண்ணன் ஹாம்மர். பழுத்த இரும்புத் துண்டை அச்சின் மேல் அவர் வைப்பார், மேலிருந்து ஹாம்மர் விழும். கேன்டீன் டீயில் அலை எழும்பும். உள்ளே நாங்கள் கையாலேயே பேசிக்கொள்வோம். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் என் அம்மா, “சோறுதானே கேக்கற, ஏன்டா கத்தற?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார். காதில் வைக்கச் சொல்லிக் கொடுத்த பஞ்சு அடைப்பான் எல்லோர் கழுத்திலும் தாலி மாதிரித் தொங்கும். அடி சரியாக விழுந்ததா என்பதைச் சத்தத்தில்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பார்கள். அண்ணன் எப்போதும் இடது தோளை ஹாம்மருக்குக் காட்டித்தான் நிற்பார்.

தொழிற்பேட்டைக்காக அவருடைய நெல் நிலம் எடுக்கப்பட்டபோது கையில் பணம் வந்தது. அந்தத் தெருவில் பணம் வந்தவர்களெல்லாம் மாடி எடுத்தார்கள், கார் வாங்கி வாடகைக்கு விட்டார்கள். இவர் சென்னைக்குப் போனார். ஒரு கடையில் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அப்படியே நின்றுவிட்டாராம். இடுப்பு உயர ஸ்பீக்கர் இரண்டையும் அதற்கான ஆம்ப்ளிஃபையரையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். தெருவே கூடிவிட்டது. “நெலத்த குட்த்துட்டு ரெண்டு பொட்டி வாங்கியாந்துகீறான் பாரு” என்று அவருடைய பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

அவர் மனைவி கஸ்தூரி அண்ணி சில நாள் அவரோடு பேசவில்லை. பாத்திரங்கள் பேசின. ஞாயிற்றுக்கிழமை ஷாப் லீவு. கம்பெனிப் பட்டறையைத்தான் ஷாப் என்போம். நாஷ்டாவுக்கு வா என்று அண்ணன் என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் போனபோது அண்ணியை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணை மூடிக்கச் சொல்லி, ஒரு பாட்டைப் போட்டார். பழைய பாட்டு, பெண் குரல். பெயரைச் சொன்னால் நீங்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவீர்கள், நான் எழுதி முடிக்க முடியாது.

அண்ணி கண்ணைத் திறந்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் இருந்த வெறும் சுவரைப் பார்த்தார். “இன்னாங்க இது? பொட்டி அந்தாண்ட ஒண்ணு இந்தாண்ட ஒண்ணு கீது. பொம்பள நடுவுல நின்னுகினு பாடுது?”

அதுதான் சங்கதி. நல்ல ஸ்பீக்கரைச் சரியான இடத்தில் வைத்தால் குரல் பெட்டியிலிருந்து வராது. இரண்டுக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில், ஆள் உயரத்தில் நிற்கும். வாயைத் திறக்குமுன் அந்த அம்மா மூச்சை இழுப்பது கூட அந்த இடத்திலிருந்துதான் கேட்கும். எனக்கு அன்று புல்லரித்தது, இப்போது எழுதும்போதும்தான்.

அதிலிருந்து அந்த வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. அந்த இடத்தை யாரும் மிதிப்பதில்லை. டீ கொண்டுவரும் அண்ணி, நாற்காலிகளுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வருவார். மெனக்கெட்டு வந்த சொந்தக்காரர்களையும் “கொஞ்சம் அப்டியே சுத்திக்கினு வாங்க” என்பார். அங்கே ஒரு பீரோ வைக்கலாமே என்ற தன் தம்பியிடம், “அவங்க எங்க நிப்பாங்க?” என்று கேட்டாராம். பாடுகிறவரைத்தான் சொல்கிறார் என்று புரிய அவருக்கு வெகுநேரம் பிடித்திருக்கிறது.

சில வருஷங்கள் அப்படிப் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் சொன்னார்: “அவங்க நவுந்துட்டாங்க நைனா. வலது பக்கமா போய்க்கினு கீறாங்க.”

“எனக்கு நடுவுலதான் தெரியுது ணா.”

“உனுக்கு இன்னா தெரியும்?” என்று அடக்கிவிட்டார்.

அப்புறம் அவருக்கு அதே பேஜாரு. இடது ஸ்பீக்கர் போய்விட்டது என்று இரண்டையும் இடம் மாற்றினார். அந்த அம்மா வலது பக்கமே நின்றார். ஒயரை மாற்றினார். சென்னையிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி மோர் குடித்துவிட்டுப் போனார். அன்று என்னை வழியனுப்ப வாசல்வரை வந்த அண்ணி மெதுவாகச் சொன்னார். “தம்பி, கொஞ்ச நாளாவே எடது பக்கத்துலேந்து கூப்ட்டா திரும்ப மாட்டேங்குறாரு. அவராண்ட யாரு சொல்றது? நெலமும் போச்சு. இது ஒண்ணுதான கீது அவுருக்கு?”

யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எங்கள் ஷாப்பில் ஒரு முறை உண்டு. அடித்த துண்டில் ஒரே பக்கம் தழும்பு விழுந்தால், குறை அச்சிலா இரும்பிலா என்ற சண்டை வரும். அச்சை டை என்போம், துண்டை ஜாப் என்போம். ஜாப்பை அப்படியே திருப்பிப் போட்டு இன்னொரு அடி கொடுப்பார்கள். தழும்பு ஜாப்போடு சேர்ந்து திரும்பினால் குறை ஜாப்பில். அவ்வளவுதான் கணக்கு.

அடுத்த ஞாயிறு பாட்டைப் போட்டுவிட்டு, அண்ணன் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி, எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். இடது ஸ்பீக்கர் இப்போது அவருடைய வலது காதுப் பக்கம். கோளாறு பெட்டியில் இருந்தால் அந்த அம்மா அவருக்கு இடது பக்கம் வந்திருக்க வேண்டும். அண்ணன் கண்ணை மூடியிருந்தார். நான் வேண்டாத சாமி இல்லை.

“டை நல்லாத்தான் கீது நைனா,” என்றார் சுவரைப் பார்த்தபடியே. “ஜாப்லதான் கொற.”

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. சமையலறை நிலையில் நின்ற அண்ணி, அவ்வளவு பதற்றத்திலும் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் வந்தார். வந்து அவர் தோளில் கை வைத்தார். எனக்கு அழுகை வந்தது. எனக்கு மட்டும் அந்தக் குரல் நடுவில் அவ்வளவு தெளிவாக நின்று பாடுவது அநியாயமாக இருந்தது.

இடது காது போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியில் அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அடுத்த காதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. எனக்கு வேறு வேலை, கல்யாணம், காக்களூர் என்று ஆகிவிட்டது. கடிதம் இல்லை, அவரோடு போனில் பேசவும் வழியில்லை.

மகளுடைய ஸ்பீக்கர் பாடியதிலிருந்து மனசு கேட்கவில்லை. நேற்று கவரப்பேட்டைக்குப் போனேன். ஷாப்பை மூடிவிட்டார்களாம். ஸ்பீக்கர் இரண்டும் பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு அதே இடத்தில் நிற்கின்றன. நடுவில் இன்னும் பீரோ வரவில்லை. உள்ளறையிலிருந்து என்னைப் பார்த்த அண்ணன் முகமெல்லாம் சிரிப்பாக, “வா நைனா” என்று கையை நீட்டிக்கொண்டு நேராக நடந்து வந்தார். அந்த இடத்தின் மேலேயே நடந்து வந்தார்.

பின்னாலேயே டீயோடு வந்த அண்ணி, நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு வந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

“பாட்டு போட்டு எத்தினியோ வருசம் ஆவுது தம்பி. எனுக்குக் கால் தானா சுத்துது,” என்றார். “அவுரு நேராதான் நடக்குறாரு.”