மெர்வ் டல்லி கழற்றி வைத்த பல்செட்

மெர்வ் டல்லி பதினெட்டு வருஷம் தொலைக்காட்சியில் போலீஸ் இன்ஸ்பெக்டராக வந்தவர். மெல்போர்ன் போலீஸ் மொத்தமும் சேர்ந்து பிடித்த திருடர்களைவிட அவர் ஒரே ஆளாகப் பிடித்தது அதிகம். அந்தத் தாடையையும் சிரிப்பையும் பார்த்தாலே போதும், நான் செய்யாத தப்பைக்கூட ஒப்புக்கொண்டிருப்பேன்.

எழுபத்து மூன்று வயதில் இடுப்பு எலும்பை மாற்றினார்கள். நொண்டுகிற இன்ஸ்பெக்டரை யார் கூப்பிடுவார்? ஒரு வருஷம் போனே அடிக்கவில்லை. கடைசியில் மெல்போர்னில் பிரன்ஸ்விக் பகுதியில் இருக்கும் எங்கள் ஒலிப்பதிவுக் கூடம்தான் கூப்பிட்டது. கார்ட்டூன் தொடரில் ஒரு கிழ வாம்பட்டுக்கு, அதாவது வளை தோண்டி வாழும் குட்டிக் கரடி மாதிரியான எங்கள் நாட்டு மிருகத்துக்கு, குரல் கொடுக்க வேண்டும். நான் அங்கே குரலைப் பதிவு செய்கிறவன்.

மனுஷன் கோட்டு, டை, முகத்தில் அரை மூட்டை பவுடரோடு வந்து இறங்கினார்.

"யாருக்கு மேட் இந்தப் பவுடர்? மைக்குக்கா?" என்றேன். எங்கள் ஊரில் வயசு வித்தியாசமில்லாமல் எல்லோரும் எல்லோருக்கும் 'மேட்', சிநேகிதன்தான்.

"முகம் சரியா இருந்தாத்தான் மேட் எனக்குக் குரலே வரும்."

டைரக்டர் ரோஸ்லின் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். "மெர்வ், சாயங்காலத்துக்குள்ள சுத்தமா ஒரு காட்சி கிடைக்கலைன்னா சிட்னிலேர்ந்து வேற ஆளை வரவழைக்கத் தயாரிப்பாளருங்க சொல்லிட்டாங்க. நான் ஒண்ணும் செய்ய முடியாது."

பதிவை ஆரம்பித்தோம். வரிக்கு வரி 'டக்' என்று ஒரு சத்தம். வாய் காய்ந்தால் அப்படித்தான் வரும். அதற்குப் பச்சை ஆப்பிள் கடிப்பது எங்கள் தொழில் வழக்கம். ஒன்று கொடுத்தேன். இன்னொன்று கொடுத்தேன். ஆறு ஆப்பிள் தின்றார். கடித்த சத்தம் டாஸ்மேனியா வரை கேட்டிருக்கும். டக் மட்டும் போகவில்லை.

"உள்ள யாராவது டைப் அடிக்கிறாங்களா?" என்றாள் ரோஸ்லின்.

மணி நாலு. நான் எழுந்து கண்ணாடி அறைக்குள் போனேன்.

"மேட், மேல் வரிசைப் பல்லு உன்னோடதா, கடையில வாங்கினதா?"

"மெதுவாப் பேசுடா. மைக் ஆன்ல இருக்கு."

"எனக்கு ஒண்ணும் கேக்கலை மெர்வ்," என்று வெளியிலிருந்து ரோஸ்லின் குரல் வந்தது.

அவர் முகம் வாடிப்போனது. "பற்பசை விளம்பரத்துல இந்தச் சிரிப்பைக் காட்டித்தான் வீடே வாங்கினேன். அதைக் கழட்டிட்டு அந்தப் பொண்ணு முன்னாடி நிக்கச் சொல்றியா?"

"நீ நிக்கலைன்னா சிட்னிக்காரன் நிப்பான்."

நான் வெளியே வந்து, நாம் பார்க்காமல் இருந்தால் கழற்றிவிடுவார் என்று ரோஸ்லினிடம் சொன்னேன். அவள் நாற்காலியைத் திருப்பிக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நானும் திரும்பிக்கொண்டேன். உள்ளே தண்ணீர்க் கிளாசில் எதுவோ விழுந்தது.

அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு குரல். ஈரமாய், கொழகொழவென்று, வாயில் ஒரு வண்டி மண்ணோடு வளையிலிருந்து ஏறி வருகிற குரல். வாம்பட்டுகளே கேட்டிருந்தால் தாத்தா என்று கூப்பிட்டிருக்கும். டக் இல்லை. ரோஸ்லின் சிரித்த சிரிப்பில் திரும்பக் கூடாது என்பதை மறந்து திரும்பிவிட்டாள். நானும்தான்.

கன்னம் இரண்டும் உள்ளே போய், இரண்டு கையாலும் காற்றைத் தோண்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கை வாய்ப்பக்கம் போனது. பாதி வழியில் நின்றது. தாளைப் புரட்டி அடுத்த வரியைப் படிக்க ஆரம்பித்தார்.

காட்சி முடிந்ததும் ரோஸ்லின் மைக்கில் சொன்னாள். "சிட்னிக்கு வேண்டாம்னு சொல்லிடறேன். நாளைக்கும் இதே குரல் வேணும் மெர்வ்."

"அப்ப பல்லை வீட்டுலயே வெச்சுட்டு வந்துடறேன்," என்றார்.